தில்லைநாயகம் சாரின் ஜீப்

மலையடிவாரத்து அரசு ஆஸ்பத்திரிக்கு மதிப்பெண் போட வந்தார் அதிகாரி தில்லைநாயகம். அவருடைய நிழல்கூட இரண்டடி தள்ளியே வரும், அவ்வளவு மிடுக்கு. கட்டிலெல்லாம் காலியாகக் கிடந்ததைப் பார்த்ததும் வந்ததே கோபம்!

"ஆளே வராத ஆஸ்பத்திரி எதுக்கு? சாயங்காலத்துக்குள்ள பத்து நோயாளியைக் காட்டணும். இல்லேன்னா பூட்டச் சொல்லி எழுதிடுவேன்."

பெருக்கிக்கொண்டிருந்த வெள்ளைத்தாயி நிமிர்ந்தாள். "காட்டுறேன் சார். உங்க ஜீப்பை மட்டும் குடுங்க."

டிரைவரோடு மலையேறிப் போனவள், இரண்டே நடையில் கர்ப்பிணி, காய்ச்சல்காரர், கால் வீங்கிய கிழவர் என்று பத்துப் பேரைக் கொண்டுவந்து இறக்கினாள்.

"இத்தனை நாளா இவங்க ஏன் வரலை?"

"பத்து மைல் நடக்கத் தெம்பிருந்தா, அவங்க எதுக்கு சார் ஆஸ்பத்திரிக்கு வரணும்?"

அதிகாரி தன் அறிக்கையில் 'உடனே வண்டி தேவை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நிமிர்ந்து பார்த்தால், ஜீப் மூன்றாம் நடைக்குக் கிளம்பிவிட்டிருந்தது.