சுத்தமாக இருந்த பக்கம்

ஞாயிறு காலை 7.40. பதினான்காவது சுற்று. கமலவேணி மூன்றாம் வளைவில் திரும்பியபோது இடது முன்சக்கரம் காரை விட்டுக் கழன்று தனியாக ஓடியது.

இன்னும் ஆறு சுற்று ஓடியிருந்தால் அந்தச் சின்னப் பந்தயக் காருக்கு மோட்டார் கழகம் அனுமதி கொடுத்திருக்கும். பந்தயத்தைப் பிழைப்பாகக் கொள்ளாதவர்கள் விடுமுறை நாளில் ஓட்டுவதற்கென்று தனிப் பிரிவு தொடங்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அதே மாதிரி கார் வேண்டுமென்று எட்டுப் பேர் காத்திருந்தார்கள். கோவை கணபதியில் ஒரு தகரக் கொட்டகைக்குள் நான்கு வருடம் உருவான வண்டி, பந்தயத் தடத்தின் ஓரத்து மணலில் மூக்கைக் குத்தி நின்றது. கமலவேணியின் வலது மணிக்கட்டு உடைந்தது.

வண்டிக்கு உரியவர்கள் மூன்று பேர். வரைந்தவர் தண்டபாணி, பம்புசெட் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்தவர். குழாய்களை அறுத்து வெல்டிங் வைத்தவர் இன்னாசி. ஓட்டிப் பார்த்துக் குறை சொல்வது கமலவேணியின் வேலை. சூலூரில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் இன்னாசி, வெல்டிங் வைத்த இடங்களில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸ் தூளைத் தேய்ப்பார். கீறல் இருந்தால் உள்ளே தங்கிய எண்ணெய் கசிந்து தூளில் கறுப்புக் கோடாகத் தெரியும். பார்த்து முடித்ததும், கை கழுவுவதற்கு முன்பே, நோட்டில் ஒரு டிக் போடுவார். பக்கத்துக்குப் பக்கம் அவருடைய கட்டைவிரல் வெள்ளையாகப் பதிந்திருக்கும். டிக் இல்லாமல் கமலவேணி வண்டியில் ஏறியதில்லை.

சக்கரத்தைத் தாங்கும் பிராக்கெட்டுக்கு அடியில் முக்கோணத் தகடு ஒன்று வைக்கலாம் என்று இன்னாசி ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அறுநூறு கிராம் கூடும் என்று தண்டபாணி மறுத்துவிட்டார். கொட்டகையே கேட்கும்படி இரண்டு முறை சண்டை நடந்தது. "உங்க வயித்துல ஒரு கிலோ குறைங்க, நான் தகடு வெச்சுக்கறேன்" என்று இன்னாசி சொன்னதும் அப்போதுதான்.

வியாழக்கிழமை கடைசி ஒத்திகை. அன்று வண்டி லேசாக இடப்பக்கம் இழுத்ததைக் கமலவேணி உணர்ந்தார். டயரில் காற்று குறைவாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பேசாமல் இறங்கிவிட்டார். வாயைத் திறந்தால் தேதி தள்ளிப்போகும். வெள்ளிக்கிழமை வண்டியின் இரும்புச் சட்டம் முழுவதற்கும் மஞ்சள் பெயிண்ட் அடித்தார்கள். அதுவரை வெறும் இரும்பாகவே ஓடிய வண்டி அது. பெயிண்ட் ஏறிய பிறகு தூளும் எண்ணெயும் எதையும் காட்டாது. ஞாயிறு காலை கமலவேணி நோட்டைத் திறந்து, டிக் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு ஏறினார்.

விபத்துக்குப் பிறகு கழகத்தார் ஒரு படிவம் கொடுத்தார்கள். காரணம் எழுத ஒரு வரி, அதற்குப் பொறுப்பானவர் பெயருக்கு ஓர் இடம். மூன்று பேரும் ஒப்புக்கொண்டு பன்னிரண்டு மணிக்குள் தர வேண்டும். ஓட்டியவர் பிழை என்றால் கமலவேணியின் பந்தய உரிமம் ஒரு வருடம் முடக்கம். வண்டி மறுபடி சோதனைக்கு வரலாம். கட்டியதில் பிழை என்றால் வண்டியின் கதை அதோடு முடிந்தது. வளைவின் ஓரக் கல்லில் டயர் உரசிய தடம் இருந்தது. அந்த வளைவில் எல்லோரும்தான் அதை உரசுவார்கள்.

கையில் கட்டுடன் திரும்பிய கமலவேணி, வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து பிராக்கெட் முறிந்த இடத்தைப் பார்த்தார். பாதி வெள்ளிபோல் மினுங்கியது. மீதிப் பாதி மஞ்சளாக இருந்தது. எழுந்து போய் நோட்டை எடுத்து வியாழக்கிழமைப் பக்கத்தைத் திறந்தார். டிக் இருந்தது. வேறு எதுவும் இல்லை. பக்கம் புதுசு போலச் சுத்தமாக இருந்தது.

"தூள் தேச்சுப் பாத்தியா இன்னாசி?"

"டிக் இருக்குதுங்களேக்கா. நான் கேட்ட தகட்டை வெச்சிருந்தா இது உடையுமா, அவரைக் கேளுங்க."

தண்டபாணி தகட்டைப் பற்றிப் பேசவில்லை. "அம்மிணி, வியாழக்கிழமையே வண்டி இழுத்திருக்குமே. உங்களுக்குத் தெரியாம இருக்காது" என்றார். கமலவேணி மறுக்கவில்லை. தண்டபாணியே தொடர்ந்தார்: "உங்க பேரைப் போட்டா ஒரு வருசந்தான். வண்டி மேல போட்டா எங்க ரெண்டு பேருக்கும் போக்கிடம் இல்லைங்க."

"டிரைவிங் ஸ்கூல் நடத்தறவ வண்டி ஓட்டத் தெரியாம கவுத்துட்டான்னு எழுதச் சொல்றீங்க."

தண்டபாணி படிவத்தையும் பேனாவையும் நீட்டினார். மணி பதினொன்று ஐம்பது. கமலவேணி இடது கையில் பேனாவை வாங்கினார்.

தகட்டை மறுத்தவர் ஒருவர். டிக் போட்டவர் ஒருவர். இழுத்ததைச் சொல்லாதவர் ஒருவர். நியாயமாக அந்த இடத்தில் எழுத வேண்டியது யார் பெயர்?

விடை: இன்னாசியின் பெயர். கீறலுக்குள் பெயிண்ட் போயிருக்கிறது என்றால் வெள்ளிக்கிழமைக்கு முன்பே அது வாய் பிளந்திருந்தது. ஓரக் கல் அதை உண்டாக்கவில்லை. வியாழன் மாலை தூள் தேய்த்திருந்தால் கறுப்புக் கோடு தெரிந்திருக்கும், தேய்த்த விரல் பக்கத்தில் பதிந்திருக்கும். நாற்பத்தொரு முறை பார்த்து ஒரு முறைகூடக் கோடு வராததால் நாற்பத்திரண்டாவது முறை பார்க்காமலே டிக் போட்டதாக அவரே பின்னால் ஒப்புக்கொண்டார். தண்டபாணியின் தவறு எல்லோருக்கும் தெரிந்தே நடந்தது. அதைத் திருத்த வழி இருந்தது. கமலவேணி மறைத்தது குற்றம்தான், ஆனால் வண்டியில் ஏறியது அந்த டிக்கை நம்பி. பார்க்காததைப் பார்த்ததாக எழுதியவர் ஒருவரே. படிவத்தில் கமலவேணி எழுதியது தன் பெயரை.

2018 நவம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பிரிவின் முதல் பந்தயம் நடந்தது. எட்டுக் கார்கள் ஓடின. எட்டிலும் பிராக்கெட்டுக்கு அடியில் முக்கோணத் தகடு இருந்தது. ஓட்டுநர் பட்டியலில் கமலவேணியின் பெயர் இல்லை.