திருப்பித் தட்டிய மரம்

அட்டைக்கடிக்குப் பேர்போன ஒரு மலைக்காட்டில், யானைகள் கண்ட மரத்தையெல்லாம் சாய்க்கின்றன என்று நெடுநாள் தகராறு. கடைசியில் விலங்குகள் கூடிப் பேசின. எந்த மரத்தைச் சாய்க்கலாம், எதைத் தொடக்கூடாது என்று விதி வகுப்பது; விதிப்படி நடப்பதாக ஒப்புக்கொள்ளும் யானைக்கு நெற்றியில் செம்மண் பொட்டு வைப்பது. பொட்டு வைத்த யானையை யாரும் குறை சொல்லக்கூடாது.

விதி வகுக்க நரி தானே முன்வந்தது. அதற்கு மரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. பேசத் தெரியும், போதாதா? பழமரங்கள் பிழைக்க வேண்டும் என்றது குரங்கு. புல் முளைக்க வெயில் வேண்டும் என்றது மான். இரண்டும் மகிழ நரி ஒரு வழி சொன்னது.

"மரத்தைத் தட்டிப் பார். கெட்டியாகச் சத்தம் வந்தால் விட்டுவிடு. டொம்மென்று வந்தால் உள்ளே ஒன்றுமில்லை, சாய்த்துவிடு."

எல்லாம் தலையாட்டின.

இருவாச்சிப் பறவை மட்டும் கூட்டத்துக்கு வரவில்லை. பாவம், அதற்கு நேரம் ஏது? அதன் மனைவி ஒரு கிழட்டு மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலைப் பூசி அடைத்துக்கொண்டு குஞ்சோடு இருந்தது. திறந்திருந்தது அலகு நுழையும் கீறல் ஒன்றுதான். அதன் வழியே அத்திப்பழம் ஊட்டவே ஆண்பறவைக்குப் பொழுது சரியாக இருந்தது.

முதல் பொட்டு வாங்கிய கொம்பன் யானைக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாளே அந்தக் கிழட்டு மரத்துக்கு வந்து தும்பிக்கையால் தட்டியது. டொம்மென்றது மரம். விதிப்படி சரிதான். யானை நெற்றியை மரத்தில் வைத்து அழுத்தியது.

உள்ளேயிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள்.

யானை அப்படியே நின்றுவிட்டது. எதையும் எட்டிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராத மலையணில், கிளையிலிருந்து இறங்கி வந்தது.

"அண்ணே, திருப்பித் தட்டுகிற மரத்தை என்ன செய்யச் சொல்கிறது விதி?"

"அதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லையே," என்றது யானை.

இரண்டும் மரத்தைச் சுற்றி வந்து பார்த்தன. உயரே இருந்த கீறலில் ஓர் அலகு நுனி தெரிந்தது.

"கொஞ்சம் மெதுவாகத் தட்டுங்கள், பிள்ளை பயப்படுகிறது," என்றது உள்ளேயிருந்த தாய்.

யானை மரத்தை விட்டுப் பின்வாங்கியது. தன் பொட்டைத் தடவிப் பார்த்தது. நெற்றியில் அது இல்லை. அழுத்தியபோது மரப்பட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டது.

அடுத்த கூட்டம் அந்த மரத்தடியில் நடந்தது. வழக்கம்போல் நரி முதலில் எழுந்தது. யானை அதை உட்காரச் சொல்லிவிட்டு, மேலே இருந்த கீறலைப் பார்த்தது.

"நீங்கள் சொல்லுங்கள், அம்மா."

நீதி: யாரைக் கேட்காமல் விதி வகுக்கிறோமோ, அவர்கள் தலையில்தான் அந்த விதி விழும்.