எலி மருந்தில் ராஜதுரோகம்

மடத்துத் தலைவி நாச்சியம்மைக்கு ஒரு வழக்கம் உண்டு. விடிந்ததும் சுவடியைப் பிரித்து ஒரே ஓர் ஏடு படிப்பார். பிறகு கட்டிவைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். மழையோ காய்ச்சலோ, அது மட்டும் தப்பாது.

இவ்வளவு ஒழுங்காக ஒரு காரியம் நடந்தால் அரண்மனைக்குப் பொறுக்குமா? அந்த ஏடுகளில் ராஜதுரோகம் இருக்கிறது, சாட்சியோடு வா என்று வீரணன் என்ற ஒற்றனுக்கு ஓலை போயிற்று. சீடன் வேஷத்தில் அவன் மடத்தில் வந்து சேர்ந்தான். குருவைவிடப் பத்து வயது மூத்த சீடன்.

நாச்சியம்மை எழுந்து போனதும், அவர் படித்த அதே ஏட்டை எடுத்து எழுத்துக்கூட்டிப் படிப்பான். முதல் நாள் ஏடு, எலி மருந்து அரைக்கும் முறை. வீரணனுக்கு வியர்த்துவிட்டது. எலி என்றால் அரசர், பின்னே வேறென்ன? மறுநாள் ஒரு தாலாட்டு. யாரைத் தூங்கவைக்கப் பார்க்கிறாள்? அதற்கடுத்த நாள் கிணறு தோண்ட இடம் பார்ப்பது எப்படி என்று இருந்தது. அரண்மனைக்குச் சுரங்கம்தான் என்று முடிவுகட்டினான்.

சந்தேகக்காரனுக்கு ஓய்வு ஏது? ஒரு நாள் விடாமல் படித்தான். நாச்சியம்மை வெளியூர் போயிருந்த நாட்களிலும் அவன் கை தானாகச் சுவடிக்குப் போயிற்று. தேடியது மட்டும் கிடைக்கவில்லை.

ஒரு வருஷம் கழித்து அரண்மனையிலிருந்து மறுபடியும் ஓலை வந்தது. 'துரோகிக்குத் தண்டனை முடிவாகிவிட்டது. ஏதாவது ஓர் ஏட்டை எடுத்துக்கொண்டு உடனே வா.'

வீரணன் அந்த ஓலையை நாச்சியம்மையின் முன்னால் வைத்தான். தான் யார் என்பதையும் சொன்னான். சொல்லும்போது வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

"தெரியும்," என்றார் அவர். "நான் சுவடியை இறுக்கிக் கட்டுவேன். மறுநாள் அது தளர்ந்திருக்கும்."

"நான் ஏடு எதுவும் கொண்டுபோகப் போவதில்லை, அம்மா. உங்கள் குற்றம் என்னவென்று அவர்களிடமே கேட்கப் போகிறேன். இந்த ஓலையில் அது எங்கேயும் இல்லை."

"இந்த ஓலையை எத்தனை தடவை படித்தீர்கள்?"

"மூன்று தடவை."

"போன வருஷம் வந்த ஓலையை?"



"ஒரே தடவை. முத்திரையைப் பார்த்தேன். ஒன்றும் கேட்காமல் கிளம்பிவிட்டேன்."

நாச்சியம்மை ஓலையை அவனிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அப்படியென்றால் அரசர் என்மேல் சந்தேகப்பட்டது சரிதான், வீரணரே."