நாற்பத்தெட்டாம் நாள்

வெண்ணாற்றங்கரை மடத்தில் பௌர்ணமிதோறும் பிற்பகலில் அடியார் கூடுவர். துயருற்றோர் எழுதிய கடிதங்கள் அவையில் படிக்கப்படும். விடை தோன்றியவர் எழுந்து சொல்வார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. விடை சொன்னவர் நாற்பத்தெட்டாம் நாள் கடிதம் எழுதியவரின் வாசலுக்குத் தாமே சென்று, "என் சொல் உதவியதா, உறுத்தியதா?" என்று கேட்டு வர வேண்டும். உறுத்தியதென்றால் தலை வணங்கிப் பிழை பொறுக்க வேண்ட வேண்டும்.

அவ்வாண்டு முந்நூறு கடிதங்கள் தேங்கிவிட்டன. மடத்துச் சீடர் மெய்யப்பநாதர் கணினித் துறையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். தம் குருவாகிய ஈசான அடிகளைவிட இருபது வயது மூத்தவர். மடத்து நூல்களையெல்லாம் ஊட்டி, செயற்கை நுண்ணறிவுப் பொறி ஒன்றை விடை எழுதப் பழக்கியிருந்தார். ஒரு பௌர்ணமியன்று அதற்கு அவையின் இசைவு வேண்டி நின்றார்.

"முதலில் ஒன்று படியும்" என்றார் அடிகள்.

செண்பகவடிவு என்னும் நெசவுக்காரியின் கடிதம் அது. நினைவிழந்த தந்தையை முதியோர் இல்லத்தில் சேர்க்கலாமா, அது பாவமா என்று கேட்டிருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் இல்லத்தாருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பொறி எழுதிய விடையை நாதர் உரக்கப் படித்தார். 'இழை இற்றுப்போனால் அது நெய்தவள் குற்றமா, அம்மா?' என்று தொடங்கியது. அவை உருகிவிட்டது.

"என் புளியோதரைக்குக்கூட நீங்கள் இப்படி உச்சுக்கொட்டியதில்லையே!" என்றார் மடைப்பள்ளி உலகம்மை.

அடிகளும் சிரித்தார். "அழகிய விடை. நாற்பத்தெட்டாம் நாள் யார் போவது?"

"அன்று பொறியே விசாரித்து ஒரு கடிதம் அனுப்பும், சுவாமி. அதற்கும் ஏற்பாடு செய்திருக்கிறேன்."

"உறுத்தியது என்று அவள் எழுதினால்?"

"மன்னிப்பும் கேட்கும்."

"எந்தத் தலையை வணங்கி?"

அவையில் எவரோ கனைத்தார்.

அடிகள் தாளை வாங்கி, அதன் அடியில் 'மெய்யப்பநாதன்' என்று எழுதினார். தாளையும் எழுதுகோலையும் அவரிடமே நீட்டினார். "போகிறவர் நீர். இன்னொரு முறை படியும்."

இம்முறை நாதர் வாய்க்குள் படித்தார். அந்தப் பெண்ணின் வாசலும், தறியும், உள்ளே எதையோ தேடித் தேடி நடக்கும் கிழவரும் அவர் கண்முன் வந்தனர். பாதியில் நின்றார். 'தந்தைக்கு இனி எதுவும் தெரியாது. ஆதலால் வருந்தற்க' என்னும் வரியை அடித்தார்.

"இதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வராது, சுவாமி."

அடித்த இடத்தின் மேல், 'இல்லத்தைப் பார்க்கப் போகும் நாளில் நானும் உடன் வருகிறேன்' என்று எழுதினார். பிறகு தயங்கிக் கேட்டார்: "அப்படியானால் பொறி வேண்டாம் என்கிறீர்களா?"

"யார் சொன்னது? மற்ற வரிகள் நன்றாகத்தானே இருக்கின்றன. ஒரு மண்டலத்தில் உம்மால் எத்தனை வாசல் ஏற முடியும்?"

நாதர் முழங்காலைத் தடவிக்கொண்டார். "பத்து, சுவாமி."

"பொறி உமக்குப் பத்து விடை எழுதட்டும்."

"மீதி இருநூற்றுத் தொண்ணூறு?"

அடிகள் அவையைக் கைகாட்டினார்.

"திரும்பிப் பாரும், நாதரே. எத்தனை கால்கள் சும்மா மடங்கிக் கிடக்கின்றன!"