மறக்கத் தெரியாத பம்ப்

நோயாளிகளுக்கு மருந்தேற்றும் பம்ப் செய்கிற கம்பெனி அது. ஒரு நோயாளிக்கு முடிந்ததும் நர்ஸுகள் பிளக்கைப் பிடுங்குவார்கள். கரண்ட் போனதும் பம்புக்குள் இருக்கும் சிப் பழைய மருந்தளவை மறந்துவிடும். அந்த சிப் கிடைக்காமல் போகவே, கரண்ட் போனாலும் எதையும் மறக்காத புது சிப்புக்கு மாறினார்கள். மேனேஜர் தணிகாசலம் பழைய புரோகிராமையே அதில் ஏற்றச் சொன்னார். சோதனைப் பிரிவுக்குப் புதிதாய் வந்த ஜெசிந்தா, சோதித்துச் சரியென்று கையெழுத்துப் போட மறுத்தாள்.

தணிகாசலம் எல்லார் முன்னாலும் கத்தினார். "புரோகிராம்ல ஒரு வரிகூட மாறலை. போடு, இல்லாட்டி நாளைக்கு வராதே!"

"போடுறேன் சார். நீங்க ஒரு நிமிஷம் நோயாளியா உட்காருங்க."

உட்கார்ந்தார். அவள் பம்பில் தண்ணீர் ஊற்றி, டம்ளருக்குள் ஓடவிட்டு, பாதியில் பிளக்கைப் பிடுங்கினாள். பிறகு குழாய் முனையில் ஊசியைச் செருகி, அவர் கை நரம்பருகே கொண்டுபோய்ப் பிளக்கை மாட்டினாள். பொத்தானை யாரும் தொடவில்லை. மோட்டார் தானாக ஓடி, விட்ட மிச்சத்தைத் தள்ளியது. ஊசி முனையில் தண்ணீர் துளிர்த்தது. தணிகாசலம் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"ஏன் சார்? ஒரு வரிகூட மாறலையே! மயக்கத்துல கிடக்கிற அடுத்த நோயாளியால இப்படி இழுத்துக்க முடியாது சார். இந்தாங்க, நீங்களே போடுங்க."

பேனாவை நீட்டினாள். அதை வாங்க அந்தக் கை திரும்பி வரவே இல்லை.