நேற்று ராஜா என்ன செய்தார்?

முன்னொரு காலத்தில், வெள்ளைக்காரக் கப்பல்கள் மிளகு வாங்க நம் கரைக்கு வந்துபோன நாளில், கஜதுங்கன் என்றொரு ராஜாவுக்கு இங்கிலீஷ் ஆசை பிடித்தது. கப்பல் துரை அடுத்த மாதம் விருந்துக்கு வருவதாகச் சேதி. சாப்பிட்டுக்கொண்டே நேற்று இதைச் செய்தேன், முந்தாநாள் அங்கே போனேன் என்று கதை பேசுவது துரைமார் வழக்கமாம்.

"நாமும் நம் வாயாலேயே பேச வேண்டும். நடுவில் ஆள் நிற்கக் கூடாது" என்றார் ராஜா.

நடுவில் நிற்கிற ஆள் துபாஷி வேதகிரி. துரை சொன்னதை ராஜாவுக்கும் ராஜா சொன்னதைத் துரைக்கும் மாற்றிச் சொல்லியே பட்டும் பவுனும் சேர்த்தவர். ராஜாவே பேசிவிட்டால் இவருக்கு என்ன வேலை? ஆகவே பாடம் ஏறாதபடி பாடம் நடத்தினார்.

"பிரபு, 'கோ' என்றால் போ. 'போனேன்' என்பதற்கு?"

"'வாக்' வாக்ட் ஆயிற்று, 'டாக்' டாக்ட் ஆயிற்று. அப்படியானால் 'கோட்'."

"இல்லை பிரபு. 'வெண்ட்'."

"போவதற்கும் போனதற்கும் ஓர் எழுத்துகூட ஒட்டவில்லையே! இது மட்டும் யார் வீட்டுப் பிள்ளை?"

தூணோரம் நின்ற விகடன் பேயாண்டி சிரித்துவிட்டான். அரண்மனைக்கு வருமுன் அவன் துறைமுகத்தில் அலைச்சுவருக்குக் கல் உடைத்தவன். பத்து வருஷம் கல் சுமந்ததில் வலது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். அங்கே பொழுது சாய்ந்ததும் வரிசையில் நின்று, அன்று செய்த வேலையை மேஸ்திரி துரையிடம் இங்கிலீஷில் சொன்னால்தான் கஞ்சி. உடைத்தவன் 'ஐ ப்ரோக்' என்பான், சுமந்தவன் 'ஐ கேரீட்' என்பான். செய்யாததைச் சொன்னால் துரை போய்ப் பார்த்துவிட்டு வருவான், அன்றைக்குப் பட்டினி. பேயாண்டிக்கு இங்கிலீஷ் வந்த வழி இதுதான்.

வேதகிரி திரும்பினார். "சிரிக்கிறவருக்கு நன்றாகத் தெரியும் போலிருக்கிறது. விருந்துக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது, பிரபு. பேயாண்டியே கற்பிக்கட்டும். நேற்றுச் செய்ததைப் பிரபு துரையிடம் சொல்ல முடியாமல் போனால், கல்லுடைக்கும் குழிக்கே இவன் திரும்பிப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

பேயாண்டிக்குத் தோள் சுருக்கென்றது. குழிக்குத் திரும்பினால் இந்த வயதில் இரண்டு மழைக்காலம் தாங்க மாட்டான். கும்பிட்டுவிட்டுக் கேட்டான்.

"மகாராஜா, நேத்து நீங்க என்ன செஞ்சீங்க? தமிழ்லயே சொல்லுங்க."

ராஜா யோசித்தார். "குளித்தோம்."

"தண்ணி ஊத்துனது மூணு பேரு, தேய்ச்சது ரெண்டு பேரு. நீங்க உக்காந்திருந்தீங்க."

"கோயிலுக்குப் போனோம்."

"போனது பல்லக்குத் தூக்கிங்க மகாராஜா. நீங்க உள்ள தூங்கிட்டீங்க."

"சாப்பிட்டோமே!"

"அது வாஸ்தவம். மத்தவங்க ஊட்டிவிட்டாலும் மென்னது நீங்கதான்."

சபையில் இரண்டு பேர் இருமினார்கள். பேயாண்டி விடவில்லை.

"நேத்துச் செஞ்சதைச் சொல்லணும்னுதானே உத்தரவு? முதல்ல ஏதாவது செஞ்சாகணும். எட்டு நாளைக்கு மகாராஜா வேலையை வேற யாரும் தொடக் கூடாதுன்னு ஓலை எழுதிக் குடுங்க. ஒரு வேலை முடிஞ்சா ஒரு வார்த்தை தருவேன். செய்யாததைச் செஞ்சதாச் சொல்ல வார்த்தை கிடையாது."

இரண்டாம் நாளே ராஜா இவனைத் தொலைத்துவிடுவார் என்று மகிழ்ந்து, வேதகிரியே ஓடிப் போய் ஓலையை எழுதினார்.

முதல் நாள் ராஜா கிணற்றில் தண்ணீர் இறைத்தார். கயிறு நழுவிக் குடம் உள்ளே போயிற்று. "தவற விட்டுட்டீங்க. 'ஐ ட்ராப்ட்'" என்றான் பேயாண்டி. மறுகுடம் மேலே வந்தது. "'ஐ ட்ரூ.' இறைச்சீங்க." உள்ளங்கை கொப்பளித்த ராஜா கோபத்தில் செருப்பைக் கழற்றி அவன் மேல் எறிந்தார்.

"'ஐ த்ரூ'" என்றான் பேயாண்டி, பணிவாகக் குனிந்து. செருப்பு தலைக்கு மேலே பறந்து சாணிக்குழியில் விழுந்தது. "'ஐ மிஸ்ட்', மகாராஜா. குறி தப்பிருச்சு."

ராஜா முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். தாமே போய்ச் செருப்பை எடுத்துக் கழுவி, அதற்கும் வார்த்தை கேட்டு வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் கோயிலுக்கு நடந்தார். வெயில், வழியெல்லாம் நெருஞ்சி முள். வாசலில் நின்று மூச்சு வாங்கியபடி, "'ஐ வெண்ட்'" என்றார். அந்தச் சொல் எதோடு ஒட்டும் என்று இப்போது அவர் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் விறகு வெட்ட மாட்டேன் என்று படுத்துக்கொண்டார்.

"அதுக்கும் வார்த்தை இருக்கு. 'ஐ டிட் நாட் கட்.' வெட்டலை."

"செய்யாததைக்கூடச் சொல்லலாமா?"

"செய்யலைன்னு தாராளமாச் சொல்லலாம்."

விருந்து நாள் வந்தது. துரை பெல்டன், சிவந்த மூக்கும் பெரிய வயிறுமாக உட்கார்ந்து, நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டார். வேதகிரி வாயைத் திறக்குமுன் ராஜா ஆரம்பித்தார்.

"ஐ வெண்ட் டு த வெல். ஐ ட்ரூ வாட்டர். ஐ ஃபெல்."

கிணற்றுக்குப் போனதும், இறைத்ததும், வழுக்கி விழுந்ததும் துரைக்குப் புரிந்தது. கரண்டியை வைத்துவிட்டுக் கைதட்டினார். பேயாண்டிக்குப் போன மூச்சு திரும்பியது.

வேதகிரி விடுவாரா? துரையின் காதருகே குனிந்து சுவரைக் காட்டினார். அங்கே ராஜா புலியை மிதித்துக்கொண்டு நிற்கிற படம். அந்தப் புலியைக் கொன்ற கதையைப் புலவர்கள் நூறு பாட்டில் பாடியிருந்தார்கள். நூறு பாட்டை ராஜாவால் சொல்ல முடியாது. துபாஷியைத்தான் கூப்பிட்டாக வேண்டும் என்பது கணக்கு.

"டிட் யூ கில் த டைகர்?" என்றார் துரை.

ராஜா படத்தைப் பார்த்தார், பேயாண்டியைப் பார்த்தார். அவன் உதட்டை அசைத்து எடுத்துக் கொடுத்தால் தலை போகும், ராஜா தடுமாறினால் வேலை போகும். கல்லுடைக்கும் குழி அவன் கண் முன்னே வந்து நின்றது.

"ஐ டிட் நாட் கில்" என்றார் ராஜா நிதானமாக. பார்த்ததையும் ஓடியதையும் விரல் விட்டுச் சொன்னார்: "ஐ ஸா. ஐ ரேன்."

வேதகிரி முகம் வெளுத்தது. துரை கேட்டார்: "அண்ட் த டைகர்?"

"டைகர் ரேன்!" என்று ராஜா எதிர்ப்பக்கம் கை நீட்டினார்.

துரை மேஜையில் அறைந்து சிரித்தார். போன வருஷம் ஒரு கரடியைக் கண்டு தானும் தொப்பியைக் கீழே போட்டுவிட்டு ஓடியதாகச் சொல்லி, எழுந்து ஓடியும் காட்டினார். ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். இத்தனை வருஷமும் அந்தப் புலி அவர் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது போலும். அப்படி ஒரு சிரிப்பு.

"பேயாண்டி, இரண்டு கறவைப் பசு உனக்கு!"

"பசு சரி மகாராஜா. கறக்க ஆளுக்கு நான் எங்க போவேன்?"

"இனி நம் துபாஷிக்கு வேலை ஏது? அவர் வருவார்."

மறுநாள் காலை வேதகிரி செம்போடு வந்து குந்தினார். பசு திரும்பிப் பார்த்தது. செம்பு ஒரு பக்கம் உருண்டது, துபாஷி ஒரு பக்கம் உருண்டார்.

"இதுக்கு இங்கிலீஷ்ல என்னங்க ஐயா?" என்றான் பேயாண்டி.

வேதகிரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார். "கிக்ட்."