யார் ஆய்ந்த பூ

பிலோமினாவின் விரலெல்லாம் நல்லெண்ணெய். முன்னால் முறம். வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பதினோரு வருஷம் ஆச்சு மேடம்," என்றான் சற்குணம். "இந்தத் தடவையும் எனக்கு சீனியர் போஸ்ட் போடல."

குழந்தையைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு வந்தவன். குழந்தை தூங்கியது. வந்த காரியம் வாய்க்கு வந்துவிட்டது.

அவளைவிட மூன்று வயது மூத்தவன்தான். ஆனாலும் ஆபீஸில் எந்த புரோகிராம் மக்கர் பண்ணினாலும் அவன் போய் நிற்பது அவளிடம்தான். பிரசவ லீவில் இருக்கிறாள், அதனால் வீட்டுக்கே வந்துவிட்டான்.

அவள் ஒரு சீப்புப் பூவை அவன் பக்கம் தள்ளினாள்.

"பேசிக்கிட்டே ஆயுங்க. நடுவுல தீக்குச்சி மாதிரி நிக்குது பாருங்க, அதுதான் கள்ளன். வேகாது. பிடுங்கிப் போட்டுடணும்."

"ஒவ்வொரு பூவுலயுமா?"

"ஒவ்வொரு பூவுலயும்."

நாலு பூ ஆய்ந்தான். ஐந்தாவதில் கையை வாய் முந்திக்கொண்டது.

"சீனியர்னா இன்னும் என்னதான் வேணும்? மத்தவன் ஒரு வாரம் எழுதுறதை நான் ஒரு நாள்ல எழுதுறேன். போன மாசம் அந்த ஆஸ்பத்திரி டோக்கன் புரோகிராம் படுத்துக்கிச்சே, வயசானவங்கல்லாம் வெயில்ல நின்னாங்களே, எங்க தப்புன்னு பத்தே நிமிஷத்துல கண்டுபிடிச்சது யாரு?"

"யாரு பண்ணின தப்பு?"

"நிவேதான்னு ஒரு புதுப் பொண்ணு. மீட்டிங்ல மேனேஜர் கேட்டாரு. சொன்னேன்."

கையை வேகமாக ஓட்டினான். முறம் நிறைந்தது.

மாமியார் அதை எடுக்க வந்தார். ஒரு பூவைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதென்ன, கள்ளனோட கெடக்கு? இந்தா, இன்னொண்ணு. யாரு ஆஞ்சது?"

சற்குணத்தின் விரல் நின்றது.

"நான்தான் அத்தை," என்றாள் பிலோமினா.

"நல்லா ஆஞ்ச போ. நாளெல்லாம் கம்ப்யூட்டரை மொறைக்கிற கண்ணு, பூவுல இருக்கிறது தெரியல. உம் புருஷன் தொண்டையில மாட்டினா என்னைத்தான் கத்துவான்."

"வெச்சிட்டுப் போங்க அத்தை. திரும்பப் பாக்குறேன்."

மாமியார் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார்.

பிலோமினா முறத்தைத் தன் பக்கம் இழுத்தாள். முறத்தில் கிடந்த அத்தனையையும், தான் ஆய்ந்ததையும் சேர்த்து, முதலிலிருந்து பிரித்துப் பார்த்தாள்.

சற்குணத்துக்குக் காது சுட்டது.

"மேடம்."

"ம்."

"நிவேதா எழுதினதைப் படிச்சுப் பாத்து ஓகே குடுக்க வேண்டியது நான்."

"படிச்சீங்களா?"

"இல்ல. சும்மா ஓகே குடுத்துட்டேன்."

"மீட்டிங்ல சொன்னீங்களா அதை?"

"இல்ல. அவ என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தா."

"இப்ப எங்க இருக்கா?"

"வேலையை விட்டுட்டா. சொந்த ஊர் சாத்தூருக்கே போயிட்டா."

பிலோமினா கையிலிருந்த பூவை முறத்தில் போட்டாள்.

"மாசிலாமணி சார்னு ஒருத்தர்," என்றாள். "முன்னாடி இருந்த கம்பெனியில, நான் வேலைக்குச் சேந்த புதுசு. தப்பு முழுக்க என்னோடது. பொறுப்பு என்னுதுன்னு அவரு எழுந்து நின்னுட்டாரு. நான் பக்கத்து நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன். வாயைத் திறக்கல. அந்த மாசமே அவரை அனுப்பிட்டாங்க."

அவள் அவனைப் பார்க்கவில்லை.

"நிவேதா நம்பர் இருக்கா?"

"இருக்கு. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு மேடம் பேசுறது? ரெண்டு மாசம் போகட்டும், சூடு ஆறட்டும்னு…"

"நானும் அப்படித்தான். இந்த மாசம், அடுத்த மாசம்னு ஒன்பது வருஷம். போன தை மாசம் ஒருவழியா மனசைத் தேத்திக்கிட்டுப் போன் போட்டேன். அவரு மக எடுத்துச்சு. சார்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்மான்னேன். அந்தப் பொண்ணு, அக்கா, அப்பா தவறிப் போயி…"

"பிலோமினா! புள்ள முழிச்சிருச்சு பாரு, வா!"